லாரிக்கு அடியில் கேட்ட தட்டல்

உப்பு ஈரம் ஊறிய பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் முதலில் ஜில்லென்று இருக்கும், சற்று நேரத்தில் அரிக்கும், அப்புறம் தோல் மரத்துப்போய்ப் பலகை எது கன்னம் எது என்றே தெரியாமல் போய்விடும். அப்படிக் கன்னம் மரத்துப்போன ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், எண்ணூர்க் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் காலி லாரியின் பின்தட்டில் குப்புறப் படுத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த பிளவில் ஒற்றைக் கண்ணை வைத்துக் கீழே ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. எட்டாவது வகுப்பில் இருந்தேன். எதையும் நோண்டிப் பார்க்காமல் ஓரிடத்தில் உட்கார எனக்குத் தெரியாது.

பிளவுக்குக் கீழே, சாலைக்கும் எனக்கும் நடுவில், ஒரு நீளமான இரும்புத் தண்டு சுழன்றுகொண்டிருந்தது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற தண்டு அது. லாரிக்காரர்கள் "சாஃப்ட்" என்பார்கள். அது ஒரே தண்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு துண்டு. ஒரு துண்டின் முனை மற்றொன்றின் உறைக்குள் நுழைந்திருந்தது. நுழைகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று வெள்ளையாக ஒரு பட்டை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்பக்கம் மேலும் கீழும் ஆடுகிறது, அதற்கு ஈடுகொடுத்துத் தண்டு நீளவும் குறுகவும் வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். நீள வேண்டிய நேரத்தில் அந்தப் பட்டை நீளவில்லை. இன்ஜின் இழுக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் அப்படியே நின்றது. எதிரே ஆடுகள் குறுக்கிட, ஓட்டுகிறவர் காலை எடுத்து பிரேக்கை மிதித்தார். பிடிவாதமாக நின்றிருந்த பட்டை சட்டென்று விட்டுக்கொடுத்து உள்ளே பாய்ந்தது.

"டொக்."

வண்டி மறுபடி கிளம்பியபோது இன்னொரு முறை, வெளியே பாய்ந்து: "டொக்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்றைக் கண்டுபிடித்தவளுக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டில், தெருவில், உப்பளத்தில் எல்லாரும் அப்பா என்று நினைத்திருந்தார்கள். நானும்தான்.

அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். யுத்தம் முடிந்து, ராணுவம் விட்டுப்போன லாரிகளை ஏலம் போட்டபோது, சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு "டிஸ்போசல்" லாரியை எடுத்தார். மேலே பச்சையும் சிவப்புமாகப் பூசியிருந்தாலும் எங்கே சுரண்டினாலும் உள்ளே ராணுவக் காக்கி தெரியும். எண்ணூருக்கு அப்பாலிருக்கும் அளங்களிலிருந்து உப்பு ஏற்றி வந்து ராயபுரத்துக் கிடங்குகளில் இறக்குவது தொழில். பாதி உப்பு கால்வாய்ப் படகில் சாவகாசமாக வரும். அவசரத்துக்கு வேண்டியது லாரியில் வரும். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து முனையில் வண்டி நிற்க இடம் இருந்தது.

லாரிக்காரர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. பின்னால் நிற்கிற கிளீனர் பக்கப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் நில் என்று அர்த்தம், இரண்டு தட்டினால் போ என்று அர்த்தம். அப்பா அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சந்து முனையில் வண்டியை நிறுத்தியதும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கதவின் தகரத்தில் விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு. நான் வந்துவிட்டேன், நின்றுவிட்டேன் என்று அர்த்தம். அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் இறங்குவதற்கும் அவள் வருவதற்கும் சரியாக இருக்கும்.

ஓர் ஐப்பசி மழையில் அவருக்கு விஷக் காய்ச்சல் வந்தது. அந்த மழை விடுவதற்குள் போய்விட்டார்.

லாரி சந்து முனையிலேயே நனைந்துகொண்டு நின்றது. காரியமெல்லாம் முடிந்து, தை பிறந்த பிறகு, காதர் பாய் வந்து சாவியைக் கேட்டார். அவர் அப்பாவின் கூட்டாளி. பெரிய கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். "தோஸ்து வண்டி தெருவுல கெடந்தா எனக்குச் சோறு எறங்காது தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்று மாலை முதல் நடை முடித்து வண்டி சந்து முனைக்கு வந்து நின்றது. காதர் பாயின் இரண்டு கையும் சக்கரத்தின் மேல்தான் இருந்தன. ஆனாலும் கேட்டது: "டொக்."

அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் மாவு. காதர் பாய் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அதன்பிறகு அம்மா ஓடி வரவில்லை. ஆனால் அந்த வேளைக்கு அடுப்படியில் எந்தப் பாத்திரச் சத்தமும் எழாமல் பார்த்துக்கொண்டாள். சத்தம் கேட்கும், ஒரு மூச்சு நேரம் நிற்பாள், மறுபடி வேலையைத் தொடங்குவாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை.

வாய் திறந்தவர்கள் அளத்து மூட்டைக்காரர்கள். "அண்ணாத்தே இன்னும் வண்டிய வுட்டு எறங்கலப்பா" என்று ஆரம்பித்தார்கள். முதலில் மரியாதையாகத்தான் இருந்தது. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு பீடியை வைத்துவிட்டுப் போவார்கள். போகப்போக மரியாதை பயமாக மாறியது. பொழுது சாய்ந்தால் மூட்டை ஏற்ற மறுத்தார்கள். அப்புறம் பகலிலும் வேறு வண்டி இருந்தால் அதற்கே போனார்கள். எங்கள் லாரி வரிசையில் நின்று நின்று காலியாகத் திரும்பியது. காதர் பாய் ஒரு ஒர்க்‌ஷாப் மேஸ்திரியைக் கூட்டி வந்தார். அவர் பின் சக்கரத்தண்டில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே பல் தேய்ந்துவிட்டது, ராணுவ வண்டிக்கு இனிமேல் அந்தச் சாமான் எங்கேயும் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்ட யானைக்கவுனி மாமா ஒரு முடிவுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன் அவர்; அங்கே புளி, மிளகாய் மொத்த வியாபாரம். கெட்ட மனிதர் இல்லை. "பேய் பிடிச்ச வண்டிய வச்சிக்கிட்டு எத்தன நாளு இப்படிக் கெடப்பே? வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம காயலாங்கடைக்காரரக் கூட்டியாரேன். ஒடச்சு எடுத்துட்டுப் போவட்டும். நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க. புள்ள படிச்ச வரைக்கும் போதும்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். லாரி போனால் என் பள்ளிக்கூடமும் போகும் என்று அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை லாரியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒரு கவலையும் இருந்ததில்லை. அந்த வாரமே சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும், காதர் பாயைக் கெஞ்சி லாரியின் பின்னால் ஏறிக்கொண்டேன். அது உடைக்கப்படுவதற்குள் ஒரு முறை ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமில்லை.

ஆகவே அந்தப் பிளவில் கண்ணை வைத்தபோது நான் எதையும் தேடவில்லை. கண்டுவிட்டேன், அவ்வளவுதான்.

ஓட்டுகிற அறையின் பின்தகரத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நின்றது. காதர் பாயும் கிளீனர் அந்தோணி அண்ணனும் பயந்துபோய் இறங்கி வந்தார்கள். அந்தோணி அண்ணன் காசிமேட்டுக்காரர்; கடலுக்குப் போனால் வாந்தி வருகிறதென்று லாரிக்கு வந்தவர்.

"இன்னா பாப்பா, ஏன் தட்னே? இன்னாத்தப் பாத்துட்டே? மூஞ்சி வெளுத்துக் கீது!" என்றார் காதர் பாய்.

"அது அப்பா இல்ல பாய். அந்த சாஃப்ட் ஒட்டிக்குது. ஒட்டிக்கிட்டு, அப்புறம் விடும்போது தட்டுது. உள்ள எண்ணெயே இல்ல."

அந்தோணி அண்ணன் சிரித்துவிட்டார். "எட்டாங்கிளாசுலயே இஞ்சினீராயிட்டியா நீ? மேஸ்திரி காத வெச்சுக் கேட்டாரு, நீ கண்ண வெச்சுக் கேட்டியா?"

"நீங்களும் படுத்துப் பாருங்க."

"நான் படுத்துக்கினா வண்டிய யாரு ஓட்றது, ஒங்க நைனாவா?" என்று காதர் பாய் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தோணி அண்ணன் மெதுவாகப் பின்தட்டில் ஏறி, நான் படுத்திருந்த இடத்தில் படுத்தார். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது.

"ஆமா பாய்" என்றார் எழுந்து. அவர் குரலில் சிரிப்பு இல்லை. "இஸ்துகினு நிக்குது. அப்பால பொசுக்குனு உள்ள பூந்துக்குது. அப்பத்தான் சத்தம் வருது."

இருக்கைக்கடியில் ஒரு பாட்டிலில் இன்ஜின் எண்ணெய் இருந்தது. எனக்கோ பொறுமை கிடையாது. அதை அப்படியே அந்த வெள்ளைப் பட்டையின் மேல் ஊற்றச் சொன்னேன். அந்தோணி அண்ணன் சாலையிலேயே மல்லாந்து உள்ளே போய் ஊற்றினார். ஒரு மைல் ஓடியதும் சத்தம் குறைந்தது. திருவொற்றியூர் தாண்டும்போது நின்றே விட்டது. ரயில்வே கேட்டில் நிறுத்தினோம், எடுத்தோம்; ஒன்றும் இல்லை. நான் பின்னால் நின்று குதித்தேன். காதர் பாய் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

சந்து முனையில் வண்டி நின்றது. வீட்டுக்குள் ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"வண்டி வந்துட்டா? காதுல விழலியே" என்றாள். எழுந்து வாசலுக்கு வந்து, சந்து முனையில் நின்ற லாரியை, அறிமுகமில்லாத வீட்டின் முன்னால் நிற்பவள்போல் பார்த்தாள். என் வாயில் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன.

அந்த எண்ணெய் நிற்கவில்லை. வாரத் தொடக்கத்தில் உப்பு ஏற்றினார்கள். ஈர மூட்டைகளிலிருந்து வடிந்த நீர் பலகைப் பிளவுகளின் வழியே தண்டின் மேலேயே சொட்டி, எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மாலையில் சந்து முனையில் மறுபடி "டொக்." அம்மாவின் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அவ்வளவு நாளும் அந்த ஒரு சத்தத்துக்காகத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள். எனக்கு வழி தெரியும், இன்னும் சரியாகச் செய்தால் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட முடியும். நிறுத்தாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லாரி போகும், நிறுத்தினால் அம்மாவிடமிருந்து இது போகும். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தோணி அண்ணன் வழக்கம்போல் லாரியைக் கழுவினார். வெள்ளிக்கிழமை பூசைக்காக அம்மா சொல்லி வைத்திருந்த ஏற்பாடு அது. அவர் எங்கே கழுவுகிறார் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. அன்று குனிந்து பார்த்தேன். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த கோணியால் ஒவ்வொரு இரும்பையும் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கறுப்பாகக் குழம்பு வழிந்தது. அந்தத் தண்டும் உறையும் சேரும் இடத்தில் கோணியைச் சுற்றி, மண்ணெண்ணெயைப் பிழிந்து, அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"அண்ணே, இதையெல்லாம் எதுக்குத் துடைக்கிறீங்க?"

"ஒங்கம்மா ஆர்டரு பாப்பா. அவரு வண்டியில ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாதாம், மேல அடியில எல்லாம் விளக்கு மாதிரி இருக்கோணுமாம். மழ வுட்டு மொத நட எடுத்தோமே, அன்னிக்குக் காத்தாலயே ஆரம்பிச்சது. ஒங்க நைனா இருந்தப்ப என்னை அடியில கையே வெக்க வுடமாட்டாரு. 'அது கலீஜு இல்லடா, வண்டிக்கு அதான் சோறு'ம்பாரு. நாயித்துக்கெழமல அவரே உள்ள பூந்துகினு இன்னாத்தையோ தடவிகினு கெடப்பாரு. நமக்கு இன்னா தெரியும்? வெளிய நின்னு பீடி புடிச்சிகினு இருப்பேன்."

காதர் பாய்க்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் ஓட்டிய கம்பெனி வண்டிகளுக்கு அடியில் யார் போவார்கள், என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டதே இல்லையாம்.

வாரா வாரம், சந்தனமும் குங்குமமும் வைப்பதற்காக, அந்த வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறோம். அம்மா அவர் ஞாபகத்துக்காக எதைத் துடைத்துச் சுத்தமாக வைக்கச் சொன்னாளோ, அந்தத் துடைப்புதான் தட்டலாகத் திரும்பி வந்து அவள் காதில் விழுந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரகசியமாக கிரீஸ் தடவிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை தோறும் மண்ணெண்ணெய் ஓடினால் கிரீஸ் எத்தனை நாள் நிற்கும்? அடுப்படிக்குப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. பொறுக்கின கல்லை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நாந்தான் தட்ட வச்சிருக்கேன்" என்றாள்.

கல்லைத் தரையில் வைத்துவிட்டு அரிசியை ஒரு தடவை புடைத்தாள்.

"மண்ணெண்ண போட்டுத் தொடைக்க வேண்டாம்னு அந்தோணிட்ட சொல்லிரு" என்றாள் கடைசியில். "அந்தத் தண்டப் பிரிக்கிறதுக்கு முந்தி என்னைய ஒரு தடவ வண்டில ஏத்திட்டுப் போவணும். காதர் அண்ணன்ட்ட நானே கேக்கேன்."

அம்மா அதுவரை அந்த லாரியில் ஏறியதே இல்லை. அப்பா எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். லாரியில் ஏறிப் போனால் சந்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவள் போகவில்லை. சனிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்ததும் கிளம்பினோம். காதர் பாய் இருக்கையைத் துண்டால் தட்டித் தட்டித் துடைத்தார். மூட்டைக்காரர்கள் வைத்துவிட்டுப்போன பீடி ஒன்று உருண்டு விழுந்தது, அதை எடுத்துச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா படியில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறினாள். நான் நடுவில் உட்கார்ந்தேன். சந்துக்காரர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

திருவொற்றியூர் வரை அவள் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். கடற்கரைச் சாலையில் திரும்பியதும், "இங்க நிறுத்துங்க அண்ணே" என்றாள்.

நிறுத்தினார். "டொக்."

"எடுங்க." எடுத்தார். "டொக்."

"இன்னொரு தடவ."

எத்தனை முறை நிறுத்தி எடுத்தோம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் காலடித் தகரத்தில் மோதி, இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறி, பல்லில் போய் நின்றது. வாசலிலிருந்து கேட்கும்போது விரல் முட்டியின் சத்தமாக இருந்தது, இங்கே காதில் விழுவதற்கு முன்பே உடம்பில் விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு திறந்துகொண்டு கேட்டாள்.

"போதும்" என்றாள். "வாசல்ல நின்னு கேக்கும்போது அவுகளேதான். உள்ள ஒக்காந்து கேட்டா வெறும் இரும்பு."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "பிரிச்சிருங்க" என்றாள்.

காதர் பாய் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "எனக்கும் மனசுக்குள்ள தெரியும் தங்கச்சி. ஓட்றவனுக்குத் தெரியாமப் பூடுமா? அவரு கூட வர்ற மாதிரி இருந்துச்சு. அத்தப் போயி எப்படிக் கையால கழட்றதுன்னு கெடந்துட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சந்து முனையிலேயே பிரித்தோம். நான் வண்டிக்கடியில் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்; அம்மா, "பாவாடைய இழுத்துச் சொருவிக்கிட்டுப் போ" என்றாள். சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்முனையின் ஆணிகளைக் கழற்றுவதற்கு முன்னால், இரண்டு துண்டும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன்; எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்பப் போனால்தான் தண்டு நேராகச் சுழலும் என்று எனக்குத் தோன்றியது, அது சரிதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தோணி அண்ணன் இழுத்தார். வரவில்லை. காதர் பாயும் சேர்ந்து இழுத்தார். பல்லிளித்துக்கொண்டு ஒரு முனகலோடு வெளியே வந்தது. நெடுக ஓடும் பற்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் காவி நிறத் துரு, மாவுபோல். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

துருவைச் சுரண்டி எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, காதர் பாய் அவருடைய பழைய கம்பெனி நண்பர் ஒருவரிடமிருந்து கொண்டுவந்த கெட்டி கிரீஸை ஒவ்வொரு பள்ளத்திலும் விரலால் வைத்து நிரப்பினேன். உறையின் வாயில் இருந்த கம்பளி வளையம் நைந்து நாராகியிருந்தது. அதன் வழியாகத்தான் உப்புநீரும் மண்ணெண்ணெயும் உள்ளே போயிருக்கின்றன. அம்மா ஒரு பழைய கம்பளியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தாள். எண்ணெயில் ஊறவைத்து அதைச் சுற்றினோம். சாக்பீஸ் கோட்டைப் பார்த்துப் பொருத்தினோம். சற்று முன்னால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் வந்தது, இப்போது என் ஒற்றைக் கைக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மறுநாள் யானைக்கவுனி மாமா காயலாங்கடைக்காரருடன் வந்தார். காதர் பாய் இருவரையும் ஏற்றிக்கொண்டு கல்மண்டபம் வரை போய் வந்தார். திரும்பி வந்து இறங்கிய காயலாங்கடைக்காரருக்குக் கோபம்.

"இன்னா அண்ணாச்சி, நாயித்துக்கெழம அதுவுமா என்னை இஸ்துகினு வந்து பேஜாரு பண்றே? செத்த வண்டின்னியே! இது நல்லா ஓடிகினு கீது. உசுரோட கீறத ஒடச்சா எனக்குக் கையி வெளங்காது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மாமா வெகுநேரம் லாரியைச் சுற்றி வந்தார். என் கையைப் பார்த்தார். முழங்கை வரை கறுப்பு. அம்மாவிடம் திரும்பி, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அந்தக் கையத் தேச்சுக் கழுவச் சொல்லு" என்றார். அவர் சம்மதத்தை அப்படித்தான் சொன்னார்.

அளத்துக்குச் சத்தமில்லாமல் போய் நின்ற லாரியை மூட்டைக்காரர்கள் நம்பவில்லை. இரண்டு மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவர்களில் வயதான ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, "அண்ணாத்தே எறங்கிட்டாரா? எந்த எடத்துல எறங்குனாரு?" என்று கேட்டாராம். "எண்ணூர் ரோட்டுல, கடலுக்கு எதிர்த்தாப்புல" என்று காதர் பாய் சொன்னாராம். அதற்குப் பிறகு மூட்டை ஏற்ற யாரும் மறுக்கவில்லை.

அன்று மாலை சந்து முனையில் லாரி நின்றபோது நான் வாசலில் இருந்தேன். காதர் பாய் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினார். விரல்களை மடக்கினார். தகரத்துக்கு அருகில் போன கை அங்கேயே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது. "தங்கச்சி, வண்டி வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தார். அதன்பிறகு எந்நாளும் குரல்தான்.

இப்போது நான் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறேன். யுத்தகாலத்து லாரிகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. எங்களுடையதும் போன வருஷம், ஓடி ஓடிக் களைத்து, தன் முறை வந்தபிறகே காயலாங்கடைக்குப் போயிற்று. அதன் இடத்தில் ஒரு டீசல் லாரி நிற்கிறது. கால்வாயில் உப்புப் படகுகள் குறைந்துவிட்டன. இருக்கையில் பீடி வைத்துவிட்டுப் போன மூட்டைக்காரர்கள் இன்று அளத்தில் இல்லை. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது வேறு. அப்பா எப்படித் தட்டுவார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். காதுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. ஆனால் அது அவருடைய விரல் முட்டியா, காய்ந்த இரும்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை என்றாள்.

புது வண்டியையும் உப்பு விடுவதில்லை. கிரீஸ் வைத்தால் சில நடைகளுக்குத்தான் தாங்குகிறது, கம்பளி வளையம் சீக்கிரம் நைந்துவிடுகிறது. நீரே உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். ஆர்மோனியத்தின் துருத்திபோல மடிப்பு மடிப்பாக ஒரு தார்ப்பாய் உறை தைத்து, அந்த இணைப்பை மூடி, இரண்டு முனைகளையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் என்ன? இரண்டு துண்டும் சேர்ந்தே சுழல்வதால் உறை முறுக்கிக்கொள்ளாது. நீளவும் சுருங்கவும் மட்டும் செய்தால் போதும். ஆனால் வேகமாகச் சுழலும்போது மடிப்புகள் வெளியே விரிந்து எதிலாவது உரசிக் கிழியுமா என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. காதர் பாய், "கட்டித்தான் பாரேன் பாப்பா, வண்டி இன்னா கோச்சிக்கவா போவுது?" என்கிறார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மடிப்பு ஒரு விரல் அகலம் போதுமா, இன்னும் குறுக்க வேண்டுமா என்று அம்மா கேட்கிறாள். தெரியவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் நடைக்கு முன்னால், கட்டிப் பார்க்கப் போகிறோம். முதலாவது கிழியும் என்ற எண்ணத்தில், இரண்டாவதற்கும் அவள் துணியை வெட்டி வைத்துவிட்டாள்.